உள்ளேயா, வெளியேயா?

என் அத்தை டிராக்டர் ஓட்டுகிறவள். மாமா இறந்த மறுமாதம் சாவியை எடுத்து இடுப்பில் செருகியவள், இன்றுவரை அதை யாரிடமும் கொடுத்ததில்லை. வண்டிக்கு அவளைவிடப் பத்து வயதுதான் குறைவு. ஹாரன் கிடையாது, அத்தையின் தொண்டைதான் ஹாரன்.

போன மாதம் பழைய புரட்டுக் கலப்பை ஒன்று வாங்கினாள். ஒரு சால் உழுது முடிந்ததும் லீவரை இழுத்தால், எண்ணெய் அழுத்தத்தில் கவிழ்ந்து மறுபக்கம் திரும்பிக்கொள்ளும்; அடுத்த முனையில் தள்ளினால் பழையபடி. அதற்கு எண்ணெய் போய்வர இரண்டு ரப்பர் ஹோஸ். டிராக்டரின் பின்னால் இரண்டு துளை. எதை எதில் செருகுவது என்று தினமும் தகராறு. வீட்டின் முதல் பட்டதாரி நான் இருக்கும்போது இப்படி நடக்கலாமா? முத்துமுத்தாக நான்கு சீட்டு எழுதி ஒட்டினேன். துளைகளில் 'உள்ளே', 'வெளியே'. ஹோஸ்களிலும் அப்படியே.

மறுநாள் காலை தோப்புக்காரர் நிலம். பதினைந்து ஏக்கர், இந்தப் பருவத்தில் அத்தைக்கு இருந்த ஒரே பெரிய வேலை.

"போக ஒரு சால், வர ஒரு சால் ஓட்டிக் காட்டுங்க, டிரைவரம்மா. சரியா வந்தா மொத்தமும் உங்களுக்கு. இல்லைன்னா புது வண்டிக்காரனைக் கூப்பிட்டுருவேன்" என்றார் அவர்.

முதலில் ஹோஸே மாட்டவில்லை.

"நல்லாத் தள்ளுங்க, அத்தை."

"ரெண்டு பெத்தவளுக்கு நீ தள்ளச் சொல்லித் தர்றியா, மருமகனே?"

துளையில் நேற்றைய அழுத்தம் தேங்கியிருந்தது. எஞ்சினை நிறுத்தி லீவரை இருபக்கமும் ஆட்டினாள். 'உஸ்' என்று ஒரு முனகல். பிறகு 'உள்ளே'யில் 'உள்ளே'யும் 'வெளியே'யில் 'வெளியே'யும் டக் டக்கென்று மாட்டின.

முதல் சால் நன்றாகப் போனது. முனையில் கலப்பையைத் தூக்கி லீவரை இழுத்தாள். கவிழவில்லை. எஞ்சின்தான் திணறியது. தோப்புக்காரர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார்.

"உள்ளேன்னு போட்டதுல உள்ளேயைத்தானே சொருகினேன்?"

"ஆமா அத்தை."

"யாருக்குடா உள்ளே? வண்டிக்கா, கலப்பைக்கா?"

எனக்குத் தலை சுற்றியது. துளையில் எழுதும்போது வண்டியில் நின்று யோசித்தேன். ஹோஸில் எழுதும்போது கலப்பையில் நின்று. வண்டிக்கு வெளியே போவதுதானே கலப்பைக்கு உள்ளே வரும்! அது போகட்டும். இழுத்தால் ஒரு வழியாகப் போகும் எண்ணெய், தள்ளினால் அதே வழியாகத்தானே திரும்பும்? அப்படியானால் எதுதான் உள்ளே?

"கழட்டி மாத்திரலாம், அத்தை."

"அதுக்குள்ள அவரு ஆளைக் கூப்பிட்டு முடிச்சிருவாரு. அது தலைகீழா நின்னா, நானும் தலைகீழா ஓட்டிட்டுப் போறேன். நீ தள்ளி நில்லு!"

இழுக்க வேண்டிய லீவரைத் தள்ளினாள். கலப்பை சடாரென்று கவிழ்ந்தது. திரும்பி வந்த சாலில் ஈரமண் வரிசையாகப் புரண்டு விழுந்தது.

தோப்புக்காரர், "அப்புறம் பேசுறேம்ப்பா" என்று ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார்.

பதினைந்து ஏக்கரையும் அப்படியே தலைகீழாகத்தான் ஓட்டி முடித்தாள். சீட்டுகளைக் கிழிக்கப் போனேன், விடவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும், படிச்ச புள்ள எழுதினது. எண்ணெய்க்கு என்ன வாசிக்கவா தெரியும்?"