லோகநாயகி படிக்காமல் விட்ட பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை ஆவடியில் பூக்கூடையோடு ஏறிய அஞ்சலை, கூடையை இறக்கி வைப்பதற்கு முன்பே சொன்னாள்: "லோகாம்மா பூட்டாங்க." மஞ்சள் காமாலை என்று ஒரு மாதமாக லோகநாயகி வண்டிக்கு வரவில்லை. அவளுடைய ஜன்னலோர இடத்தை அந்த ஒரு மாதமும் நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. அன்று அம்பத்தூரில் ஏறிய ஒரு பெண் கேட்காமலே அதில் உட்கார்ந்தாள். நாங்கள் நகர்ந்து இடம் விட்டோம்.

அந்த மகளிர் பெட்டியில் பத்து வருஷம் வந்தவர்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளானூர்க்காரி, பட்டணத்தில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை நூலகத்தில் அவள் எடுக்காதது தையல் கலைப் புத்தகம் ஒன்றுதான். புத்தகம் எப்படி என்று கேட்டால், மாலை வண்டியில் ஆவடியில் இறங்க மறந்து, அதைத் தாண்டி எந்த ஸ்டேஷன் வரை போனாள் என்பதைச் சொல்வாள். பட்டாபிராம் என்றால் பரவாயில்லை, திருநின்றவூர் என்றால் பிரமாதம். திருநின்றவூர் வரை அவளைக் கொண்டுபோன புத்தகங்கள் மொத்தமே நாலு. நான் சிபாரிசு செய்த எதுவும் அந்த நாலில் இல்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

செய்தித்தாளை அவள் ஒரு நாள் கழித்தே படிப்பாள். அலுவலகத்துப் பழைய பேப்பர் மறுநாள்தான் அவள் கைக்கு வரும் என்பது ஒரு காரணம். "ஒரு நாள் போனா பாதி சேதி பொய்யாயிடும், மிச்சத்தப் படிச்சா போதும்" என்பது அவள் சொன்ன காரணம். மனிதன் நிலவில் கால் வைத்த செய்தி வந்த அன்று பெட்டியே அமர்க்களப்பட்டது. நான் பேப்பரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நெலா எங்கியும் பூடாது. நாளைக்கிப் படிச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் விழுந்த கரித்தூளைத் துடைத்துக்கொண்டாள்.

நடிகர்களுக்காகப் பெட்டியில் சண்டை நடக்கும்போது இரண்டு கட்சிக்கும் பொதுவாகத் தூங்குவாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதை மட்டும் அவள் பொறுப்பு. வியாழக்கிழமை ஆவடியில் இதழை வாங்கிக்கொண்டு ஏறினால் வில்லிவாக்கத்துக்குள் அத்தியாயத்தை உரக்கப் படித்து முடித்துவிடுவாள். ஒரு தொடரில் கௌரி என்ற கதாநாயகி, அடிக்கிற கணவனை விட்டுப் பிறந்த வீடு வந்து வாரக்கணக்கில் அழுதுகொண்டிருந்தாள். அவளை வாழவைக்கச் சொல்லி நாங்கள் எல்லோரும் ஆசிரியருக்குக் கடிதம் போட்டோம். லோகா ஒரு வார்த்தை மாற்றாமல் டைப் அடித்தாள். அடியில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்: 'ஐந்து வாரமாக இந்தப் பெண் அழுகிறாளே தவிர ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை, தயவுசெய்து கவனிக்கவும்.' அடுத்த மாதம் ஓர் அத்தியாயத்தில் கௌரி இரண்டு இட்லி சாப்பிட்டாள். பெட்டியே கை தட்டியது.

"கதையக் கதையாப் படிங்க" என்று எங்களைத் திட்டிக்கொண்டே இருப்பாள். அப்படிப் படிக்காதவள் ஒருத்தி எங்களோடு வந்தாள். வசந்தா, திருநின்றவூரில் ஏறுவாள், பாரிமுனையில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை கட்டும் வேலை. அவளும் புருஷன் வீட்டிலிருந்து வந்தவள்தான். முழங்கையில் சூட்டுத் தழும்பு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் திரும்ப அழைத்துப்போக புருஷன் வீட்டார் வருவதாக இருந்தது. தொடர் அந்த வாரம் முடிகிறது. வியாழனன்று வசந்தா சொன்னாள்: "கௌரி இன்னா பண்றான்னு பாத்துட்டு சொல்றேன்னு எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேங்க்கா." எல்லோரும் சிரித்தோம். லோகா சிரிக்கவில்லை.

இதழை வாங்கியதும் கடைசிப் பக்கத்தை அவள் பார்த்திருக்க வேண்டும். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். படத்தில் கௌரி கணவன் காலில் கிடந்தாள். லோகா படித்த கதையில் கௌரி அந்த வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள். வேலைக்கு வண்டி ஏறினாள். படித்து முடிக்கும்வரை லோகாவின் குரல் தடுமாறவில்லை. பக்கத்தைத் திருப்பத்தான் மறந்துவிட்டாள்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். மூலத்தில் இல்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்தால் எனக்கு வேலை போய்விடும். சென்ட்ரலில் இறங்கியதும் அவளோடு சண்டை போட்டேன். அடுத்தவள் வாழ்க்கையில் விளையாட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன்.

"எழுதனவருக்கு யாரு குடுத்தாங்க?" என்றாள். இதழை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்குள் மற்றவர்களும் வேறெங்கோ படித்து உண்மையைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் ஒருத்திகூட வசந்தாவிடம் வாயைத் திறக்கவில்லை. அவள் ஞாயிறன்று போகவில்லை, பிறகும் போகவில்லை. இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர், ஏரிப்பக்கம் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். அவள் நன்றாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும், நான் போட்ட சண்டையை நினைத்துக் கொஞ்சம் வெட்கமும் வரும். லோகாவிடம் அதைச் சொன்னதில்லை.

லோகாவின் காரியம் முடிந்து ஆவடி பிளாட்பாரத்தில் வசந்தாவும் நானும் வண்டிக்கு நின்றோம். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, அந்தக் கடைசி அத்தியாயம் பற்றி ஆரம்பித்தேன்.

"தெரியுங்க்கா. அன்னிக்கி சாய்ங்காலமே தெரியும். பக்கத்து ஊட்ல அந்தப் பொஸ்தகம் வாங்குவாங்க" என்றாள்.

அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"எனக்கோசரம் ஒருத்தி கதையவே மாத்திப் படிச்சிக்கீறா. அந்த கௌரிக்கு அப்டி யாருமே இல்ல, பூட்டா. நான் எதுக்குக்கா போவணும்?"

வண்டி வந்தது. ஏறிக்கொண்டோம். நான் இறங்கும் பட்டாபிராம் வரை அழுதுகொண்டே வந்தேன்.

லோகாவின் பொருளாக என்னிடம் இருப்பது அந்த ஓர் இதழ்தான். நேற்று எடுத்துக் கடைசிப் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தேன். அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. பிறகு பென்சிலை எடுத்து, விடுபட்டதற்கு நாங்கள் போடும் குறியைப் போட்டு, ஓரத்தில் எழுதினேன்: கௌரி இரண்டு இட்லி சாப்பிட்டாள். வேலைக்கு வண்டி ஏறினாள்.