பாய் கையில் சிவப்புத் துண்டு

போன ஞாயிறு, பாபநாசம் மலை இறக்கத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நம்புங்கள்!

என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டே சீட், மேலே கூரை கிடையாது, வயது என்னைவிட நாலைந்து கூடுதல். ஓடுவதில் சூரன். நிற்பதில்தான் சோம்பேறி — மூன்று தடவை மிதித்தால் ஒரு தடவை பிடிக்கும். போன வருஷம் இதே மலையில் பிரேக் பிடிக்காமல் பாறையில் உரசி நின்றபோது, என் மனைவி கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"பிரேக்க மாத்துங்க. அதுவரைக்கும் இதுல நான் ஏற மாட்டேன்."

மாற்றினேன். தச்சநல்லூர் மெக்கானிக் காஜா பாய், முன்சக்கரம் இரண்டுக்கும் இந்தக் காலத்து டிஸ்க் பிரேக்கைப் பொருத்தி, பிரேக் ஆயில் ஓடும் பைப்பெல்லாம் புதிதாக இழுத்துக் கொடுத்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரேக் வேலை பார்த்த வண்டி முதல் தடவை மலை இறங்கும்போது பக்கத்து சீட்டில் அவர்தான் உட்காருவார்.

"நான் மாட்டுன பிரேக்கு அண்ணாச்சி. மொதல்ல நான்லா எறங்கணும்?"

ஏறும்போது சிரித்துப் பேசிக்கொண்டே போனோம். இறக்கத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு. பழக்கதோஷம்... காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி. முதல் மிதியிலேயே வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. ஆஹா என்று வாய் திறப்பதற்குள் பின்னால் கிறீ...ச்! கண்ணாடி முழுக்க ஒரு வேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது, வேன் பம்பர் எங்களுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. உள்ளே கோயிலுக்குப் போய்த் திரும்பும் கூட்டம். பிள்ளைகள் வீறிட்டு அழுதன. சாலையோரம் பள்ளம். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். "என்ன வே, நிப்பாட்டுனா பின்னால லைட்டு எரிய வேண்டாமா? உள்ள பதினாறு உசுரு இருக்கு வே!"

பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். லைட் எரியவே இல்லை.

பாய் முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லா... மிதிச்சா லைட்ட எரிய வைக்கிற சுவிட்ச் பழைய பைப்புல இருந்துச்சு. புதுசு போடுதப்ப விட்டுட்டேன் அண்ணாச்சி. என் தப்புதான்."

நான் மட்டும் என்ன யோக்கியம்? பிரேக்கைப் பத்து தடவை மிதித்துப் பார்த்தவன், ஒரு தடவையாவது பின்னால் போய்ப் பார்த்தேனா? நாம் நிற்போமா என்பதுதான் நம் கவலை. பின்னால் வருகிறவருக்கு யார் சொல்வது?

வளைவில் அப்படியே நிற்கவும் முடியாது — அடுத்த வண்டி வந்துவிடும். பாய் வேன் டிரைவரின் சிவப்புத் துண்டை வாங்கினார். சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி மண்டிபோட்டார்.

"பைய போங்க அண்ணாச்சி. மிதிக்கதுக்கு முந்தி ஒரு சத்தம் குடுங்க."

ஒவ்வொரு வளைவிலும் "பாய்!" என்று கத்துவேன். துண்டு மேலே போகும். மிதிப்பேன். பின்னால் வேனும் மெதுவாகும். இப்படியே மலை இறங்கினோம். கீழே வந்தபோது இரண்டு பேர் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தது.

மறுநாளே பாய் சுவிட்சை மாட்டிவிட்டார். லைட் செக்கச் செவேலென்று எரிகிறது. நேற்று, ஒரு வருஷத்துக்குப் பிறகு, என் மனைவி வண்டியில் ஏறினாள். ஜங்ஷன் சிக்னலில் பிரேக்கில் கால் வைத்தேன். வாய் தானாகக் கத்தியது.

"பாய்!"

சிக்னல் பச்சையாவதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.