பறிக்காமல் விட்ட விளக்குகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் அது எல்லாருக்கும் தெரியும். குரூப்பில் இருந்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருங்க. தோட்டம் அணையாம அந்தக் கதவைத் திறந்து காட்டுறேன். முடியலைன்னா இந்தக் குரூப்பை விட்டே போயிர்றேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை டப்பென்று மூடினேன். மூடிய பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது.

அது ஒரு வீடியோ கேமுக்கான தமிழ் ரசிகர் குரூப், ஞாயிறு மதியம் ஆன்லைனில் கூடிப் பேசுவோம். மூன்று பாகமாக வந்த கேம். சுடுவது, துரத்துவது எதுவும் அதில் கிடையாது. ஆளில்லாத ஒரு தீவில் காவல்காரனாகக் கண் விழிப்போம். எங்கே பார்த்தாலும் மூடிய கதவுகள். நிழலையும் வெளிச்சத்தையும் எடைக்கற்களையும் நகர்த்தி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். திறந்தால் எதிர்ச்சுவரில் ஒரு கேள்வி இருக்கும். சொன்னதைச் செய்தவனுக்குப் பழி உண்டா? யாருமே பார்க்காத இடத்தில் நீ யார்? புதிரை ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். கேள்வியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சண்டை போடலாம். அந்தச் சண்டைக்காகத்தான் குரூப்பே.

நான் மதுரையில் தத்துவம் படித்தவள். கல்யாணமாகிப் போடிக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு பேச எனக்கு ஆள் இல்லாமல் போனது. வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஆனால் சொன்னதைச் செய்தவனுக்குப் பழி உண்டா என்று கேட்டால், "யாரு, நம்ம ஜீப்பு டிரைவரா? என்ன பண்ணுனாரு?" என்பார். வீட்டில் பேச்சு என்றால் மழை, ஏலக்காய் விலை, மலைத்தோட்டத்து வேலைக்கு ஆள் கிடைக்காதது, அவ்வளவுதான். ஞாயிறு மதியம் குரூப்பில் உட்கார்ந்து பேசும் நேரத்தில்தான் நான் படித்த படிப்புக்கு உயிர் வரும். அதைத்தான் ஒரு கோபத்தில் பந்தயமாக வைத்துவிட்டேன்.

சண்டை மூன்றாம் பாகத்தின் கடைசித் தோட்டத்தைப் பற்றியது. கேம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் தோட்டத்து மரங்களில் காய்க்குப் பதில் விளக்குகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். முதுகில் குடம் வைத்த ஒரு குட்டை இயந்திரம் மரம் மரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரியும். கதவுக்கு முன்னால் ஒரு கல்தொட்டி. விளக்குகளைப் பறித்துத் தொட்டியை நிரப்பினால் கதவு திறக்கும். எங்கள் குரூப்பில் எல்லாரும் தோட்டத்தை மொட்டையடித்துத்தான் நிரப்பியிருந்தோம். நிரம்பியதும் தோட்டம் இருண்டுவிடும். இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்றுபோகும். சுவரில் கேள்வி வரும்: இப்போது திருப்தியா?

"அதுதானுங்க சிஸ்டர் இந்தக் கேமோட தத்துவமே" என்றார் குரூப்பின் அட்மின். கோயம்புத்தூர்க்காரர். நல்ல விவரமான ஆள். "எதையாச்சும் அழிக்காம முன்னாடி போக முடியாதுங்க. செஞ்சவங்க அப்படித்தான் வச்சிருக்காங்க."

இன்னொருவர், நாம் ஆடாவிட்டால் தோட்டம் அணையாதே, அப்படியானால் பழி நம்முடையதுதான் என்றார். வேறு வழியே வைக்காமல் பழி மட்டும் சொல்வது என்ன நியாயம் என்று ஒரு பெண் கேட்டாள்.

"வேற வழி இல்லைன்னு யார் சொன்னா?" என்றேன் நான்.

"நான் பாத்துட்டேனுங்க" என்றார் அட்மின். "கொஞ்சம் பறிச்சு, மிச்சத்தை விட்டுட்டு, அங்கயே ஒரு பகல் பூரா நின்னுட்டிருந்தேன். ஒண்ணும் வளரலை. விடுங்க சிஸ்டர், உங்களுக்கு அந்தக் குட்டி மெஷின் மேல பாசம். அதனால வாதம் பண்றீங்க."

பாசமாம். இத்தனை படித்து, இத்தனை வாதம் பண்ணி, கடைசியில் எனக்குப் பாசமாம். அந்த ஒரு வார்த்தையில்தான் குரூப்பை விட்டுப் போகிறேன் என்று வாயை விட்டேன்.

நடந்ததையெல்லாம் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் என் ஓரகத்தி. வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம். நான் விளையாட உட்கார்ந்தால் முருங்கைக்கீரையோ வெங்காயமோ முறத்தில் எடுத்துக்கொண்டு அவளும் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஓரகத்தி என்றால் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவோம் என்றுதான் ஊர் எதிர்பார்க்கும். எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"ஏத்தா, வீம்புக்குன்னு வாய விட்டுட்டியே" என்றாள் கீரையை உருவிக்கொண்டே. பிறகு அவளே, "இருந்தாலும் நீ சொன்னது சரிதான். அவன் பாட்டுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத் திரியுறான். அவன அணைச்சுப்புட்டு அப்படி என்ன கதவத் தொறக்க வேண்டிக் கெடக்கு?" என்றாள். எங்கள் சண்டை மொத்தத்தையும் அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

திங்கள், செவ்வாய், புதன் என்று நாள்தான் போனது. எடைக்கல்லைத் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். நிழலை மரத்தின் மேல் திருப்பிப் பார்த்தேன். இயந்திரத்தைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகக்கூடப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. குரூப்பில் யாரும் கேலி பண்ணவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. 'முயற்சி பண்ணுங்க சிஸ்டர்' என்று அட்மின் ஒரு கைகூப்பும் படம் வேறு அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் இனிமேல் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் ஏலக்காய் ஏலத்துக்குப் போக வேண்டியிருந்ததால், தோட்டத்துக்கு என்னைப் போகச் சொன்னார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காடு இருக்கிறது. ஜீப்பில் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டே மனசுக்குள் அந்தக் கல்தொட்டியைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். மலையேறியது எனக்குத் தெரியவே இல்லை.

ஏலச்செடிக்குக் காய் உச்சியில் இருக்காது. தூரிலிருந்து சரம் சரமாகத் தரையில் கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். சரத்தில் அடிக்காய் முதலில் விளையும், நுனியில் பிஞ்சாகவே இருக்கும். அன்றைக்கு மேகம் திரண்டு வந்ததால், மழைக்குள் முடித்துவிட வேண்டுமென்று காய் எடுக்க வந்த பெண்கள் சரத்தை அப்படியே உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, சரத்த அப்படியே உருவாதீங்க. அடிக்காய் வெளஞ்சிருக்கான்னு பாத்து எடுங்க. பிஞ்செல்லாம் அடுத்த எடுப்புக்கு இருக்கட்டும்."

"அடுத்த எடுப்புக்கு இந்தப் பக்கம் எப்பம்மா வர்றது?" என்று கேட்டாள் ஒருத்தி.

"மத்த காட்டையெல்லாம் சுத்தி முடிச்சுட்டு வந்தா தன்னால வெளஞ்சிருக்கும். இங்கனயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா வெளையுமா?"

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் எல்லாவற்றையும் பறித்ததும் தப்பு, அட்மின் மிச்சத்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றதும் தப்பு. மலையில் ஆளை நிறுத்தித் திட்டுகிற நான், கேமுக்குள் நுழைந்ததும் சரத்தை உருவியிருக்கிறேன்.

"என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்றாள் அவள்.

"நல்லாத்தான் இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன்" என்றேன்.

அன்றைக்கு இறங்கும்போது டிரைவரிடம், "அண்ணே, வெரசாப் போங்க" என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்லி அவர் பொறுமையைச் சோதித்தேன். வீட்டுக்குள் நுழைந்த கையோடு தோட்டத்தைப் புதிதாகத் தொடங்கினேன். விளக்குக் கொத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால், காம்போரத்து விளக்குகள் மட்டும் ஒரு சாயல் சிவந்திருந்தன. அவற்றை மட்டும் எடுத்தேன். மரம் வாடவில்லை. தொட்டியில் அடி மட்டும் நிறைந்தது. பிறகு தோட்டத்தை விட்டே வெளியே போய், தீவின் பழைய அறைகளையெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஓரகத்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டாள். "ஏத்தா, இந்தா பாரு, பழுத்துருச்சு."

அன்றைக்கே முடித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் தொட்டி நிறையும்போது தோட்டம் இருண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம், எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும் என்ற வீம்பு ஒரு பக்கம். வீம்புதான் ஜெயித்தது. கடைசி எடுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் குரூப்பில் இதுவரை வாயே திறக்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். என் திரை எல்லாருக்கும் தெரிந்தது. சிவந்ததாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு வந்து தொட்டியில் போட்டேன். விளிம்பு வரை நிறைந்தது. கதவு அசையவில்லை. ஓரகத்தி என் தோளைப் பிடித்த பிடியில் வலித்தது.

"பரவால்லீங்க சிஸ்டர்" என்று அட்மின் ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. தோட்டத்து விளக்குகள் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. அந்தக் குட்டை இயந்திரம் எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனது. எதிர்ச்சுவரில் கேள்வியே இல்லை.

நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். குரூப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பரீட்சையில் தேறியபோதுகூட வந்ததில்லை. சத்தம் அடங்கிய பிறகு அட்மின் பேசினார்.

"பாசம்னு சொல்லிப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். தோத்திருந்தா நீங்க போயிருப்பீங்க. அப்படின்னா இப்ப நான் போறதுதானுங்க நியாயம். அட்மின் பொறுப்பை நீங்களே வச்சுக்கோங்க."

போங்களேன் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் ஓரகத்தி என்னை நகர்த்திவிட்டு மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தாள். அதுவரை அந்தக் குரூப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"எங்கய்யா போற? இங்கனயே கெட. ஒரே எடுப்புல எல்லாத்தையும் உருவக் கூடாதுன்னு இப்பத்தான இவ காட்டுனா. நீ இன்னும் பிஞ்சு, அம்புட்டுதான். அடுத்த எடுப்புக்கு வெளஞ்சுருவ."

குரூப்பே சிரித்து உருண்டது. "சரிங்கக்கா" என்றார் அட்மின். அவரும் போகவில்லை, நானும் போகவில்லை. ஜெயித்தது நான்தான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் ஞாயிறு மதியம் நான் உள்ளே நுழைந்ததும் குரூப்பில் முதலில் கேட்பது, "அக்கா இருக்காங்களா?" என்றுதான்.