எல்லா இணைப்பிலும் ஒரே ஜனாஸா

கல்முனையில் எங்கள் பள்ளிவாசல் இணையத்தளத்தில், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்பதை ஓர் எக்ஸ்எம்எல் கோப்புத்தான் சொல்லும். ஜனாஸா, அதாவது இறப்பு, அறிவித்தல்களின் உள்கோப்புறைகளும் திறக்கட்டும் என்று, எந்த முகவரிக்கும் பொருந்தும் இரண்டு நட்சத்திரக் குறி போட்டேன். முன்னால் 'ஜனாஸா' என்று எழுத மறந்துவிட்டேன். எதைத் தட்டினாலும், அன்று மௌத்தான குடை திருத்தும் வெளியூர்க்காரரின் அறிவித்தலே திறந்தது. நிக்காஹ் அழைப்பும் அப்படித்தான்.

"தம்பி, எங்கட மகள்ற கலியாணத்தத் தட்டினா மையத்து அறிவித்தலக் காட்டுதே!" என்று மணப்பெண்ணின் வாப்பா கைபேசியில் கத்தினார்.

அப்போது பிழை எதுவென்று பிடிபடவில்லை. கைபேசி அழைப்புகளும் ஓயவில்லை. அஸர் தொழுகைக்குப் போய்ப் பின்வரிசையில் ஒளிந்தேன். உறவில்லாத அந்த மனிதரின் ஜனாஸாத் தொழுகைக்கு நாலு பேர் தேறமாட்டார்கள் என்றிருந்தோம், பள்ளி நிறைந்திருந்தது. கலியாணத்துக்கென்று தட்டியவர்கள்தான் அத்தனை பேரும்.

தொழுகை முடிந்ததும் பெண்ணின் வாப்பா என் தோளைப் பிடித்தார். "மையத்த அடக்கிட்டு வந்து திருத்துங்க, தம்பி."

நான் அவசரமில்லாமல் திருத்திய ஒரே பிழை அது.