அளவு பிசகாத உறை

எங்கள் மாமா தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு யாரும் வயிறு முட்டச் சாப்பிட முடியாது. அவ்வளவு கச்சிதம். என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன், மனிதருக்குத் துணியில் ஒரு நூல்கூட அதிகம் விடப் பிடிக்காது. "பின்னாடி பிரிச்சுவிட வேணாமா மாஸ்டர்?" என்று யாராவது கேட்டால், "நான் தைச்சதைப் பிரிக்க இன்னொருத்தன் பொறந்து வரணும்" என்பார். திமிர்தான். ஆனால் தொழில் தெரிந்த திமிர். தெருவில் அவருக்குப் பெயரே ஃபிட்டிங் மாஸ்டர்.

அந்தக் கடையின் மறுபாதி அக்கா. மெஷின் அவருடையது, ஊசி இவளுடையது. பட்டன், காஜா, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அவளுடைய வலது கை. நூல் கோக்க மாமாவுக்குக் கண்ணாடி வேண்டும். இவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே கோத்துவிடுவாள். வருகிறவர்கள் அவரைப் புகழ்வார்கள், அவர் மொத்தத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் காலை, மேல் தட்டிலிருந்து துணிக் கட்டை இறக்க ஸ்டூலில் ஏறியவள் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். முன்கை லேசாக வளைந்திருந்ததாம். மாமா பதறித்தான் போனார்.

"விரலை அசை, பாக்கலாம்."

வலியோடு அசைத்தாள்.

"அப்போ எலும்பு உடையல. சுளுக்குதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரிய டாக்டர்!

கையை அசையாமல் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதுவரை சரி. மர ஸ்கேலை அணைத்து, துணியைத் தளரச் சுற்றி, கழுத்தோடு ஒரு தொட்டில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் எதையும் ஏனோதானோ என்று செய்ய அவருக்கு வராதே. டேப்பை எடுத்தார். மணிக்கட்டு, முன்கை, முழங்கை என்று அளந்தார். கெட்டித் துணியில் உறை வெட்டி, ஸ்கேல் சொருக இடம் விட்டு, அவள் கையில் மாட்டி அப்படியே தைத்து மூடினார். ஒரு சுருக்கம் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கட்டுலகூட ஃபிட்டிங்கா மாஸ்டர்!" என்று மெச்சிவிட்டு வேறு போனார்.

மதியம் அக்கா சொன்னாள், "ரொம்ப இறுக்குதுங்க."

"இறுக்கமா இருந்தாத்தான் அசையாது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "விரலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் பிரிச்சுவிடுங்களேன்."

"தைச்சதைப் பிரிக்கிறதா? எல்லாம் விலகிடும். பல்லைக் கடிச்சுக்கோ."

கடித்துக்கொண்டாள். அவர் வேலையில் பிசகு வராது என்று ஊரைவிட அவள்தான் அதிகம் நம்பினாள். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

சாயங்காலம் வேலை முடிந்து நான் போனபோது சுவரில் சாய்ந்து கிடந்தாள். உறைக்கு வெளியே விரல்கள் வீங்கி, வெளுத்து, சில்லிட்டிருந்தன. நடுவிரலை லேசாக நிமிர்த்தினேன், அலறிவிட்டாள். நுனியைக் கிள்ளினால் தெரியவே இல்லை. "இதுவா மாமா சுளுக்கு?" என்று கத்திவிட்டு வண்டி பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேட்டுக்கொண்டே டாக்டர் முதல் வேலையாக அந்த உறையை மேலிருந்து கீழ்வரை வெட்டினார். பிறகு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"விரல் அசையுதுன்னா உடையலன்னு அர்த்தமில்லம்மா. ரெண்டு எலும்பும் உடைஞ்சிருக்கு. உடைஞ்ச கை வீங்கிக்கிட்டே போகும், கட்டுல அதுக்கு இடம் வேணும். இல்லன்னா ரத்தம் ஓடாம சதை செத்துடும். வலி கூடிக்கிட்டே போனா, விரல் மரத்துப்போனா, உடனே கட்டைப் பிரிச்சுட்டு ஓடி வரணும். மதியமே வந்திருந்தா..." என்றவர் மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உடனே முன்கையைக் கீறித் திறந்து உள்ளழுத்தத்தைக் குறைத்தார்கள். எலும்பும் பிறகு கூடிவிட்டது. விரல்கள்தான் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. ஊசி அந்தக் கையில் இனி நிற்காது.

மாமாவை நான் திட்டாத திட்டில்லை. இப்போது அவர் தைக்கும் சட்டைக்குள் இன்னொருவர் வாடகைக்குக் குடியிருக்கலாம். பாதி வாடிக்கை கைவிட்டுப் போயிற்று. மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலோடு மல்லுக்கட்டுகிறார். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் கோபம் முழுதாக ஆறவில்லை, ஆறவும் ஆறாது.

போன வாரம் அவர் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

"இறுக்குதா?"

"இல்ல மாமா. தொளதொளன்னு இருக்கு."

நம்பவில்லை. கழற்றி வாங்கி, பிளேடால் அதன் கைப்பகுதித் தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்களேன், அவதான் சொல்றாளே" என்றாள் அக்கா.

"இறுக்கினாலும் சில பேரு வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க."

அக்கா மடங்கிய விரல்களைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, அத்தனை காலமும் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டாததைச் சொன்னாள்.

"நான் சொன்னேங்க."

மாமாவின் கை அப்படியே நின்றது. பிளேடை மெஷின்மேல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.