சேலை போர்த்திய கம்ப்யூட்டர்

திருவிடைமருதூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் தூசி தட்டும் பிரஷ் ஒன்று எட்டிப் பார்த்தது. மறுநாள் நான் கல்லூரியில் புராஜெக்ட் கொடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டரோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து மறுபடி எழுந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டு முறை பார்மட் செய்தும் சரியாகவில்லை.

காய்ச்சல் பார்ப்பதுபோல் அவர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பக்கத்து வயலில் நெல் அறுப்பு மெஷின் கிளப்பும் தூசி படாமலிருக்க அம்மா தன் பழைய சேலையை அதில் இறுகச் சுற்றியிருந்தாள். காற்றில்லாமல் பெட்டி கொதித்தது. தினமும் பார்த்த சேலைதான்; எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவைத் திட்ட வாயெடுத்தேன். சேலையை அவிழ்த்து, பெட்டியைத் திறந்தவர் முந்திக்கொண்டார்.

“யாரும்மா இதை இவ்வளவு பத்திரமா வச்சிருக்கிறது? உள்ள ஒரு பொட்டுத் தூசி இல்ல!”

“நான்தாங்க” என்றாள் அம்மா, வெட்கத்தோடு.

“ஓடுறப்ப மட்டும் எடுத்துடுங்க. அதுக்கும் காத்து வேணும்ல? அணைச்சு, சூடு ஆறினதும் நீங்களே போர்த்தி விடுங்க.”

பிரஷுக்கு வேலையில்லை. சேலையை மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். புராஜெக்ட் அன்றே முடிந்தது. என் நாக்கு நுனிவரை வந்த சொல்லை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்பதுதான் இன்றும் எனக்குப் புரியவில்லை.