கழுத்தில் மஞ்சள், கையில் நீர்மோர்

அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சி ஜங்ஷனுக்கும் ஓடிய டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். ‘வாய் இருந்தால் வங்காளம் போகலாம்’ என்பார்கள். நான் வங்காளம் போகவில்லை. நாள் முழுக்கக் காவிரிப் பாலத்தை இப்படியும் அப்படியும் தாண்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் படியில் நிற்பவரோடும் கீரைக்கூடைக்காரியோடும் நாலு வார்த்தை பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் குரல் கம்மிப்போயிற்று. மிளகு, சித்தரத்தை, கற்பூரவல்லி எல்லாம் மென்றும் மீளவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். குரல்வளையில் புற்று, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், கரண்ட் வைத்தால் குரல் பிழைக்க நல்ல வழி இருக்கிறது, ஆனால் நடுவில் விட்டால் செய்ததெல்லாம் வீண் என்றார். எக்ஸ்ரே மாதிரிக் கதிரை நோயுள்ள இடத்தில் பாய்ச்சுவதைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்போம். கழுத்தில் ஊதா மையால் ஒரு கட்டம் வரைந்து, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பேச்சையும் குறைக்கச் சொன்னார்கள். நோயைவிட அந்தக் கட்டளைதான் எனக்குப் பெரிய தண்டனையாகத் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல, பதில் சொல்ல முடியாமல் பொம்மை மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் தொண்டை புண்ணாகி, எச்சில் விழுங்கினாலே கண்ணாடித் தூள் விழுங்குவது போலானது. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று சொல்லிவைத்திருக்கிறார்களே, எனக்கு மட்டும் என்ன என்று தோன்றியது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று மனைவியிடம் கையை ஆட்டிச் சொல்லிவிட்டேன்.

சேதி கேட்டு, திருவானைக்காவலில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வந்து இறங்கினாள். சமயபுரத்து அம்மனுக்குப் பூ சாத்திவிட்டு நேரே வந்திருந்தாள். அக்காவுக்கு எதிர்ப்பேச்சு பேச என்னிடம் குரல் இல்லை. வேப்பிலையும் மஞ்சளுமாக அரைத்து என் கழுத்தில் அப்பினாள். “உள்ள கரண்ட் பாத்துக்கட்டும், வெளிய ஆத்தா பாத்துக்குவா” என்றாள். காய்ந்ததும் ஈரத்துணியால் பதமாகத் துடைத்தும் விட்டாள். மஞ்சளோடு ஊதாக் கட்டமும் போயே போய்விட்டது.

மறுநாள் என்னை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் அவள்தான்.

டாக்டரம்மா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “யாருங்க இந்த அபிஷேகம் பண்ணினது?”

“நான்தாங்க. மஞ்சள் கெடுதல் பண்ணுமா?”

“குழம்புல போடுங்க, தாராளமா போடுங்க. கரண்ட் வைக்கிற தோல்ல பூசாதீங்க, புண்ணாயிடும். கோட்டையும் அழிச்சிட்டீங்க, நாங்க எங்க குறி வைக்கிறது?”

தோல் தணிகிறவரை நிறுத்தித்தான் மறுபடி தொடங்க வேண்டும் என்றார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. நானோ, விட்டது தொல்லை என்று உள்ளூர மகிழ்ந்தேன். அதையும் டாக்டரம்மா பார்த்துவிட்டார். இவர் சாப்பிடாமல் கிடந்தால் கரண்டைத் தாங்கமாட்டார் என்று அக்காவிடம் சொல்லி, காரம், புளி, சூடு ஆகாது; இளநீர், நீர்மோர், கரைத்த கஞ்சி, ஆறின பால் கொடுக்கலாம் என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். “நீர்மோரு, இளநியா? எங்க ஆத்தா இப்ப அதையேதாங்க குடிக்கிறா.”

எங்கள் ஜில்லாக்காரர்களுக்குத் தெரியும். மாசிக் கடைசியிலிருந்து சமயபுரத்தாள் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருப்பாள். நீர்மோர், இளநீர், பானகம், துள்ளுமாவு, இவைதான் அவளுக்கு நைவேத்தியம். பானகம் தரலாமா என்று அக்கா கேட்டாள். வெல்லத் தண்ணீர் சரி, சுக்கும் எலுமிச்சையும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. “கஞ்சியும் பாலும் கட்டாயம் குடுக்கணும். அம்மன் மாதிரி இவர் பட்டினி தாங்கமாட்டார்” என்று சிரித்தார்.

அன்று முதல் அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் குடிப்பதையே தானும் குடித்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்தால் அவளும் வைத்துவிடுவாள். ஊறுகாய் இல்லாமல் பழைய சோறுகூடத் தொடாதவள் அவள். “உன் குரலு பஸ்ஸுல கேக்குற வரைக்கும் நான் ஊறுகா தொடமாட்டேன்டா தம்பி” என்று வேறு சொல்லிவிட்டாள். இப்படி ஒருத்தி எதிரே பட்டினி கிடந்தால் எவன் ஆஸ்பத்திரிக்கு மட்டம் போடுவான்? புதிதாகக் கட்டம் வரைந்தார்கள். கடைசிக் கரண்ட் வரை போனேன்.

புண் ஆறி, டாக்டரம்மா உத்தரவு கொடுத்து, மறுபடி பஸ் ஏறிய அன்று திருவானைக்காவல் நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள். ஏறினாள். டிக்கெட் கிழிக்கப் போனேன். “அது கெடக்கட்டும், எங்க, கூப்பிடு பாப்போம்” என்றாள்.

“சத்திரம், ஜங்ஷன்!” என்றேன். பழைய வெண்கலம் இல்லை, கொஞ்சம் தகரம்தான். ஆனாலும் கடைசி சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“போதும்டா. நான் வீட்டுக்குப் போயி மாவடு தொட்டுச் சோறு திங்கணும்” என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

என் தொண்டையைக் குணமாக்கியது கரண்ட்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பங்குனி வெயிலில் யாராவது நீர்மோர் நீட்டினால், முதல் மிடறு இறங்கும்போதே, ஊறுகாய் ஜாடி கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த அக்கா எதிரே வந்துவிடுகிறாள்.